சுண்ணாம்புப் பொட்டு

இப்போதுள்ள சனங்களுக்கு எதிலும் பொறுப்பு கிடையாது என்பது வெயிலுமுத்துவின் கட்சி. களத்தில் கம்பு காய்வதற்குள் லாரி வந்து நிற்கிறது. மூட்டையை ஏற்றி அனுப்பிவிட்டு, சோற்றுக்கு ரேஷன் கடையில் போய் வரிசையில் நிற்கிறார்கள். வீட்டுக்கு வீடு தானியக் குலுக்கை நின்றதே ஒருவருக்கும் நினைவில்லை.

அவர் வீட்டிலும் அதே கூத்துதான். மண்ணும் வைக்கோலும் பிசைந்து வனைந்த குலுக்கை, ஆள் உயரத்துக்கு மேலே, உள்வீட்டு இருட்டில் வயிறு பெருத்து நிற்கிறது. உச்சியில் ஆள் இறங்குகிற வாய். அடியில் தானியம் சரிகிற ஓட்டை, துணி வைத்து அடைத்தது. போன தையில் மருமகள் வேலுத்தாய் உள்ளே இறங்கி, அடிமண் தெரிய வழித்துக் கூட்டி, எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டாள்.

"ஒரு கை கம்பாவது விட்டு வையி தாயி. குலுக்கையை வெறும் வயிறா விடக்கூடாது."

"யாருக்கு மாமா, எலிக்கா?" என்று உள்ளேயிருந்து சிரித்தாள். சிரிப்பு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

மாசியில் அவருக்குக் காய்ச்சல் வந்து காது இரைந்தது. காய்ச்சல் போனது, தலைசுற்று போகவில்லை. வரப்பில் கால் வைத்தால் கரிசல் காடு முழுக்கத் தூரிபோல ஆடியது. உழுத சாலிலேயே விழுந்து கிடந்தார். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கெழுதும் மகன் சங்கரபாண்டிக்கு அது வசதியாகப் போயிற்று.

"முதலாளி நம்ம நிலத்தைக் கேக்குதாரு. நிக்க முடியாத மனுசன் எப்படி வெதைப்பீங்க? குடுத்துருவோம்."

"ஆவணிக்குள்ள நேரா நடந்து காட்டுதேன். இல்லைன்னா கைநாட்டு வைக்கேன், போடா."

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் மருந்தே தரவில்லை. பயிற்சியாம். கோட்டுப் போட்ட ஒரு பொண்ணு சொல்லிக் கொடுத்தது.

"சுவத்துல ஒரு பொட்டு வைங்க தாத்தா. கண்ணை அதிலயே வச்சிக்கிட்டு தலையை மட்டும் இப்படி அப்படித் திருப்புங்க. பொட்டு ஆடுற மாதிரி தெரியும். ஆடாது. உங்க கண் பொய் சொல்லுது, நம்பாதீங்க. பழகப் பழக நின்னுரும்."

அப்புறம் குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்க வேண்டும். கண்ணை மூடிக் காலைச் சேர்த்து நிற்க வேண்டும். இதெல்லாம் ஒரு வைத்தியமா? அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நிலம் இருக்கிறதே.

சுவரெல்லாம் ஓட்டையும் வெடிப்பும். அதனால் வேலுத்தாய் குலுக்கையின் வயிற்றில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைத்தாள். வாசற்படியில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே மாமனாரைப் பார்த்துக்கொள்வாள். பசையின் புளிப்பு வாடை வீடெங்கும் நிற்கும். அவர் தலையைத் திருப்புவார், பொட்டு எதிர்ப்பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடும், குமட்டும், மறுபடியும் திருப்புவார்.

வைகாசியில் ஒரு நாள் அவர் தலையை நிறுத்தினார். பொட்டு நிற்கவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் நின்றது, ஓடிவந்த ஆள் மூச்சு வாங்கி நிற்பதுபோல.

கண் பொய் சொல்லுது, என்று சொல்லிக்கொண்டார்.

பிறகு வாடை மாறியது. பசை வாடைக்கு அடியில், மழையில் நனைந்து மக்கிப்போன கம்பின் வாடை. வெறும் குலுக்கைக்குள் உமி சரிவதுபோல ஒரு சத்தம், அவர் தலை திரும்பும்போது மட்டும் சரியும், தலை நின்றால் நிற்கும். வாசற்படியிலிருந்து குலுக்கைவரை ஒட்டி ஒட்டி நடக்கிற நடை நாளுக்கு நாள் சீக்கிரம் முடிந்துபோனது.

"ஏட்டி, இது முன்னால நகந்து வந்துருக்கா?"

வேலுத்தாய் தலை தூக்கிப் பார்த்தாள். "கால் தேறிட்டு மாமா, எட்டி வைக்குதீங்க. அதான்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இந்த மாதிரிப் பேச்சை உங்க மவன் காதுல போட்டுறாதீங்க. தலை இன்னும் நிக்கலைன்னு பத்திரத்தோட வந்து நிப்பாவ."

அது சரிதான். வாயை மூடிக்கொண்டார்.

ஆடியில் கண்ணை மூடி நிற்கிற பயிற்சி. வேலுத்தாய் முதுகுக்குப் பின்னால் கையை விரித்துக் காவல் நின்றாள். வெளியே காற்று புழுதியை வாரி ஓட்டில் இறைத்தது. உடம்பு அசையவில்லை. நல்ல காலம், என்று நினைத்தார். அப்போது முகத்தில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. மூச்சு. மக்கிய கம்பு வாடை. முன்னாலிருந்து.

கண்ணைத் திறந்தார். பொட்டு மூக்குக்கு நேரே இருந்தது.

"ஆடுதா மாமா?"

"ஆடல" என்றார். உண்மைதான். அது ஆடவே இல்லை.

ஆவணிக் கடைசியில் சங்கரபாண்டி சாயங்கால பஸ்ஸில் வருவதாக ஆள் மூலம் சொல்லிவிட்டான். முதலாளியும் கூட வருகிறாராம். வெயிலுமுத்து மதியமே காட்டுக்குப் போனார். பாளம் பாளமாக வெடித்த கரிசலில், வரப்பு மேலே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். பூமி பூமியாக இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. யாரும் பார்க்காததால் சிரித்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. காற்று நின்றுபோயிருந்தது.

வாசற்படியில் பசைச் சட்டி. பாதி மடித்த தீப்பெட்டி. பசை இன்னும் ஈரம்.

"ஏ தாயி?"

உள்வீட்டு வாசல் நிலைக்குள் குலுக்கை நின்றது. அதன் வயிறு நிலையைவிட அகலம். எப்படி நுழைந்தது? அது முன்பு நின்ற இடத்தில் செம்மண் வட்டம் மட்டும் கிடந்தது. அங்கிருந்து நிலைவரை வட்டத் தடங்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒட்டி. ஒரே நேர்கோட்டில்.

அடியோட்டையில் துணி இல்லை. அதன் வழியே தீப்பெட்டி ஒன்று சரிந்து விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு அவிழ்ந்த கூந்தல்.

"மாமா." உள்ளேயிருந்து. கிணற்றுக்குள்ளிருந்துபோல. "மாமா, கையைப் பிடிங்க."

ஓட்டையிலிருந்து ஒரு கை வந்தது. விரலெல்லாம் காய்ந்த பசை. தரையைத் தடவியது. வழித்தது. அடிமண் தெரிய வழித்தது.

அவர் பொட்டைப் பார்த்தார். தலையை இப்படித் திருப்பினார். அப்படித் திருப்பினார்.

பொட்டு அசையவில்லை. கை அசைந்தது.

தெருமுனையில் பஸ் ஹாரன். சங்கரபாண்டி வருகிறான். கத்தினால்? குலுக்கை நடந்தது என்று சொன்னால்? பத்திரம் அவன் பையிலேயே இருக்கும்.

ஆடுற மாதிரி தெரியும். ஆடாது. கண் பொய் சொல்லுது.

"மாமா..."

காதும் பொய் சொல்லும்போல.

வெயிலுமுத்து திரும்பினார். படியிறங்கினார். குதிகாலை விரலோடு ஒட்டி வைத்தார். அடுத்த கால். அடுத்த கால். தெருமுனையில் நின்ற முதலாளி, அவர் நடையைப் பார்த்து முகம் சுருங்குவது தெரிந்தது. பின்னால், தரையில் நகம் கீறுகிற சத்தம். வழித்து, வழித்து.

மருந்தில்லாத வைத்தியம் என்ன வைத்தியம். அவருக்கு இப்போதும் நம்பிக்கை இல்லை. தலையைத் திருப்பாமல், கோடு போட்டதுபோல் நேராக நடந்தார்.