பாலைப்பழமும் பாதிப் பேச்சும்

1979ஆம் ஆண்டு, ஆனி மாதம். நெடுங்கேணிச் சந்தியில் லாபிரின் பலசரக்குக் கடையில் ஒரு தொலைபேசி இருந்தது. சுற்றுவட்டாரத்துக்கே அது ஒன்றுதான். அதற்கு இருந்த மரியாதை லாபிருக்குக்கூட இருக்கவில்லை.

அன்று பின்னேரம் மணி அடித்தது. கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து கணபதி பேசினார். கண் ஒப்பரேஷனுக்குப் போனவர் அவர். காலையிலிருந்து கடை வாசலில் காத்திருந்த அவர் மனைவி மீனம்மா ஓடிவந்து, தொலைபேசியே தேவையில்லை என்பதுபோலக் கத்தினார்.

"என்னாங்க! கட்டு அவுத்தாச்சா? கண்ணு தெரியுதா?"

"அவுத்தாச்சு மீனம்மா. எனக்கு..."

டக். பேச்சு அறுந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மணி அடித்தது. "எனக்குக் கண்ணு..." டக்!

மீனம்மாவின் முகம் வெளிறியது. "மொதலாளி, நான் கத்துனதாலதான் கெட்டுப்போச்சோ? எனக்கு இதுல பேசிப் பழக்கமில்லீங்களே. தப்பு என் மேலதான்" என்று அழுதார்.

லாபிரின் மகள் மஸீனா அரிசி மூட்டையில் உட்கார்ந்திருந்தாள். வயது பத்து. இரண்டு முறையும் காற்று வீசிக் கூரைத் தகரம் தடதடத்தபோதுதான் பேச்சு அறுந்தது. அவள் எழுந்து வாசலுக்கு வந்து மேலே போன கம்பியைப் பார்த்தாள்.

முந்தாநாள் கடைக்குப் பக்கத்திலிருந்த பாலை மரத்தில் பழம் பறிக்க, ஒரு துண்டுக் கம்பியில் கல்லைக் கட்டிக் கிளைக்கு எறிந்திருந்தாள். கல் கழன்று விழுந்தது. துண்டுக் கம்பியோ மேலே போன தொலைபேசிக் கம்பியில் தொங்கிவிட்டது. காற்றடித்தால் அது ஆடிப் பக்கத்துக் கம்பியையும் தொடும். அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

இப்போது தன் பிழைக்கு இன்னொருவர் அழுகிறார். மஸீனாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"வாப்பா, மாமி கத்தினதால இல்ல. என்னாலதான்." கால் விரல்களைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அண்டைக்கே ஏன் சொல்லேல்ல மகள்?"

"ஏசுவீங்கள் எண்டு பயந்திட்டன்."

"இப்பவும் ஏசத்தான் போறன். முதல்ல கம்பியை எடுப்பம்."

"மாங்காய் பறிக்கிற கொக்கத்தடி இருக்கு வாப்பா. காஞ்ச மூங்கில்தான், கரண்ட் பிடிக்காது." அவளே ஓடிப்போய் எடுத்துவந்தாள்.

லாபிர் தடியை உயர்த்தியபோது அங்கே ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. "பழமாவது கிடைச்சுதோ பிள்ளை?" என்று கேட்டார் சைக்கிளில் வந்த அப்புத்துரை.

"இல்ல" என்றாள் மஸீனா. அது இன்னும் வெட்கமாக இருந்தது.

துண்டுக் கம்பி கீழே விழுந்தது. மூன்றாவது முறை மணி அடித்தது. இம்முறை மீனம்மா ரகசியம் சொல்வதுபோலக் கேட்டார். "கண்ணு தெரியுதாங்க?"

காற்று வீசியது. தகரம் தடதடத்தது. பேச்சு அறுபடவில்லை.

"தெரியுதாம்! செவுத்துக் கடியாரத்துல மணி பாக்குறாராம்!" மீனம்மாவின் குரல் சந்தி முழுக்கக் கேட்டது.

மீனம்மா ரிசீவரை மஸீனாவின் கையில் திணித்தார். "நீயும் பேசு தாயி."

"மாமா, உங்கட பேச்சு அறுந்தது... என்னாலதான். பழம் பறிக்கக் கம்பி எறிஞ்சிட்டன்."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். "அடடே! ஊருக்கு வந்ததும் மொத வேலையா ஒன் மொகத்தப் பாக்கணும் புள்ள!"

அந்த முகத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று மஸீனாவுக்குத் தெரியவில்லை. ஆனாலும் கேட்டாள்:

"எப்ப வாறீங்கள் மாமா?"