நான்காவது தட்டு

தட்டுகள் நான்கு என்று எழுதியிருந்தது.

நீதிபதி அந்த வரியை இரண்டாம் முறை படித்தார். பிறகு விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு இன்னொரு முறை. கொலை நடந்த மறுநாள் காவல் ஆய்வாளர் அந்த வீட்டைப் பார்வையிட்டு எழுதிய மகஜரின் ஏழாம் பக்கம். மேசைமேல் உணவு பரிமாறிய தட்டுகள் நான்கு. தண்ணீர் நிரப்பிய தம்ளர்கள் நான்கு. நாற்காலிகள் நான்கு.

அந்த வீட்டில் இருந்தவர்களோ மூன்று பேர். ஒரு லிஃப்ட் மெக்கானிக், அவன் மனைவி, மனைவியின் அம்மா. அன்று இரவு பெண்கள் இருவரும் கழுத்து நெரிபட்டுச் செத்தார்கள். மெக்கானிக்குக்குக் கீழ்க் கோர்ட்டில் தூக்குத் தண்டனை. தூக்கு என்றால் மேல் கோர்ட்டில் இரண்டு நீதிபதிகள் பார்த்து உறுதிசெய்தாக வேண்டும். மூத்தவர் பார்த்து முடித்து, நாற்பத்திரண்டு பக்கத் தீர்ப்பும் எழுதி அனுப்பிவிட்டார். கடைசிப் பக்கத்தில் ‘உடன்படுகிறேன்’ என்று எழுதி இவர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

நான்காவது தட்டைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அரசு வக்கீலும் கேட்கவில்லை, எதிர்த்தரப்பு வக்கீலும் கேட்கவில்லை. பசித்தவன் கண்ணுக்குத்தான் தட்டு தெரியும் போலிருக்கிறது என்று அவர் தனக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டார். சிரிப்பைக் கேட்க ஆள் இல்லாததால் அது பாதியிலேயே நின்றது.

மனைவி இறந்து மூன்று வருஷம். அரசு கொடுத்த பெரிய வீட்டில் ஐந்து அறைகள். அவர் புழங்குவது இரண்டில். கூடத்தில் யாரும் கேட்காத வானொலியைச் சின்னக் குரலில் பேசவிட்டு, இந்த அறையில் உட்கார்ந்து வழக்குக் கட்டுகளைப் படிப்பார். ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்வான். “சாப்பிட்டீங்களாப்பா?” “ஆச்சுப்பா.” அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. முந்தாநாள் முடிவெட்டிக்கொள்ளப் போனபோது கடைக்காரர் பிடரியில் கை வைத்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மனிதர் கை பட்டு எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் போடப் பயந்து, கண்ணில் முடி விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தார்.

மகஜரை மூடிவிட்டு, கீழ்க் கோர்ட் நீதிபதி மெக்கானிக்கை நேரில் விசாரித்த பக்கங்களை எடுத்தார்.

‘சம்பவத்தன்று வீட்டில் எத்தனை பேர்?’ என்பது கேள்வி. ‘நாலு பேருங்க’ என்பது பதில். ‘நாலு’ என்பதை யாரோ பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் ‘3?’ என்று எழுதியிருந்தார்கள்.

‘நான்காவது ஆள் யார்?’

‘தெரியாதுங்க. முதல்ல எங்க மூணு பேருக்குமே பிடிச்சிருந்துச்சு.’

‘என்ன பிடித்திருந்தது?’

பதில் இல்லை. அடுத்த எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. மனநிலை சரியாக இருப்பதாக மருத்துவர் சான்று கொடுத்திருந்தார்.

வழக்கின் முதுகெலும்பு ஒரே ஒரு சாட்சி. எதிர்க் கட்டடத்தில் அதே மூன்றாம் மாடியில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலி. இரவு ஏழு பத்துக்குத் தன் ஜன்னலிலிருந்து பார்த்தாராம். மெக்கானிக் வீட்டுச் சமையலறையில் ஓர் ஆள் யார் கழுத்தையோ நெரிக்கிற மாதிரி நின்றது தெரிந்ததாம். ஆனால் மின்சார அலுவலகப் பதிவேட்டின்படி, ஏழிலிருந்து ஏழு இருபதுவரை மெக்கானிக்கின் கட்டடத்தில் மட்டும் விளக்கு இல்லை. பதிவேட்டில் நேரம் முன்னே பின்னே இருக்கலாம், சாட்சி பொய் சொல்லக் காரணமில்லை என்று கீழ்க் கோர்ட் தள்ளிவிட்டது. மூத்தவரும் அதையே வழிமொழிந்திருந்தார்.

பேனாவைத் திறந்தார். மூடினார். ஒரு கையெழுத்து, ஓர் உயிர். இருட்டில் அந்தம்மாள் எப்படிப் பார்த்தார்?

மறுநாள் காலை டவாலியைக் கூப்பிட்டார். முப்பது வருஷமாக நீதிபதிகளுக்கு முன்னால் வெள்ளிக் கோலோடு நடந்து வழிவிலக்கிய மனிதர் அவர். மூன்று வருஷமாக இவரோடு அன்றாடம் நாலு வார்த்தை பேசுகிற ஒரே ஆளும் அவர்தான்.

“அந்த வீட்டை ஒரு தடவை பார்க்கணும். யாருக்கும் தெரிய வேண்டாம். நான் செய்யறது முறையில்ல.”

“முறையில்லதாங்க ஐயா,” என்றார் டவாலி. “எத்தனை மணிக்குப் போகணும்?”

அவர் கெட்டிக்காரர். வாடகைக்கு வீடு பார்க்கிறோம் என்று சொல்லி வீட்டுக்காரரிடம் சாவி வாங்கிவந்தார். ஒரு வருஷமாக ஆளே எட்டிப் பார்க்காத வீடு; பாதி வாடகைக்கே தருகிறேன் என்றாராம். எதிர்வீட்டுச் செவிலியம்மாவிடமும் போய், தண்ணீர் வசதி, வெளிச்சம் என்று நாலு வார்த்தை பேசி அவர் வீட்டில் உட்காரவும் இடம் பிடித்துவிட்டார்.

“அந்தம்மா பாவங்க ஐயா. பேச ஆள் கிடைச்சா விடமாட்டேங்கறாங்க.”

அன்று இரவு ஏழு மணிக்கு நீதிபதி தனியாக மூன்றாம் மாடி ஏறினார்.

கதவைத் திறந்ததும் அடைத்துக் கிடந்த வீட்டின் வாடை வந்தது; ஈரச் சுண்ணாம்பு, பழைய துணி, அதற்கடியில் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர் மேலிருந்து வருகிற மாதிரி லேசான சோப்பு வாசனை. கூடத்தில் மேசை அப்படியே இருந்தது. தூசி விரல்கடை உயரத்துக்குப் படிந்திருந்தது, எல்லாவற்றின் மேலும், தரை, மேசை, நாற்காலி முதுகுகள் என்று பாக்கியில்லாமல். ஒரே ஒரு நாற்காலியின் இருக்கை மட்டும் துடைத்துவிட்டாற்போலப் பளிச்சென்றிருந்தது. வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். அப்படித்தான் இருக்க வேண்டும். தரையில் வேறு காலடித் தடம் எதுவும் இல்லையே என்பது அவர் சமையலறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

சமையலறை விளக்கைப் போட்டார். கம்பி போடாத அகலமான ஜன்னல். கீழே குறுகலான சந்து. நேர் எதிரே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், செவிலியம்மாவின் ஜன்னல். மஞ்சள் வெளிச்சத்தில் டவாலி தெரிந்தார். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒல்லியான அம்மாள். டவாலி கையை ஆட்டினார். இவரும் ஆட்டினார்.

போன் அடித்தது.

“தெரியுதா?”

“பளிச்சுனு தெரியுதுங்க ஐயா. ரெண்டு பேருமே நல்லா தெரியறீங்க.”

குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

“யார் ரெண்டு பேரு?”

“நீங்களும், உங்ககூட நிக்கறவங்களும். வீட்டுக்காரங்க வீட்டு ஆளுங்களா ஐயா?”

திரும்பிப் பார்த்திருக்கலாம். கழுத்து மறுத்தது. கண்ணாடியில் தன் உருவமே இரண்டாகத் தெரிகிறதோ என்று நினைத்தார். ஜன்னல் கதவு திறந்துதான் இருந்தது, கண்ணாடி எங்கே? சோப்பு வாசனை இப்போது கிட்டத்தில் இருந்தது. மிகக் கிட்டத்தில்.

“ஆம்பளையா, பொம்பளையா?” என்று கேட்டார். தன் குரலில் இருந்தது பயம் மட்டுமில்லை என்பது அவருக்கே தெரிந்தது. அதற்காக வெட்கப்பட்டார்.

“சரியா தெரியலைங்க. முகம் அந்தப் பக்கம் இருக்கு. உங்க தோள்ல தலையைச் சாய்ச்சுக்கிட்டு நிக்கறாங்களே.”

இடது தோளில் ஒரு கனம் இருந்தது. எப்போது வந்தது? ஏறிவரும்போதே இருந்ததோ? பாரமில்லாத பாரம், தூங்கும் குழந்தையின் தலை போல. சட்டைக்கு மேலே மெதுவான கதகதப்பு. மூன்று வருஷத்தில் இவ்வளவு நெருக்கமாக அவரோடு யாரும் நின்றதில்லை. ஓடு என்றது மனசு. ஆனால் அவர் ஓடவில்லை, கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். அசைந்தால் போய்விடுமோ என்று.

முதல்ல எங்க மூணு பேருக்குமே பிடிச்சிருந்துச்சு.

அந்த வரி நினைவுக்கு வந்தது. சுவிட்சு கையெட்டும் தூரத்தில் இருந்தது. எதற்கு வந்தோமோ அதைச் செய்துவிட வேண்டும் என்ற பழைய பிடிவாதம் மட்டும் எங்கோ வேலை செய்தது.

“இப்ப விளக்கை அணைக்கறேன். என்ன தெரியுதுன்னு சொல்லு.”

அணைத்தார். இருட்டு. தன் கையே தெரியாத இருட்டு.

“ஐயா?”

“சொல்லு.”

“நீங்க தெரியலைங்க ஐயா.” டவாலியின் குரல் தணிந்திருந்தது. “அவங்க மட்டும் தெரியறாங்க.”

போனில் செவிலியம்மாவின் குரல் குறுக்கே விழுந்தது. யாரோடு பேசுகிறோம் என்று தெரியாமலே பேசினார். “அன்னிக்கும் இப்படித்தாங்க. இருட்டாத்தான் இருந்துச்சு. இருட்டுலயும் தெரிஞ்சுது. வீட்ல வேற ஆம்பளை யாரு, அவருதான்னு நினைச்சுச் சொல்லிட்டேன். எல்லாரும் அவருதான்னாங்க. நானும் அதையே...” அழுகையில் மிச்சம் போயிற்று.

அப்படியானால் அவன் செய்யவில்லை. ஜெயிலில் ஒரு மனிதன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான், அவன் செய்யவில்லை. நாற்பத்திரண்டு பக்கமும் தப்பு. இன்றைக்கே எழுத வேண்டும். உடன்பட முடியவில்லை என்று எழுத வேண்டும்.

தோளில் கனம் நகர்ந்தது. கழுத்துப் பக்கமாக.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஐயா!” டவாலி கத்தினார். “ஐயா, அவங்க... இல்லையே! போயிட்டாங்க ஐயா! இப்ப அங்க எதுவுமே தெரியல!”

உண்மைதான். தோள் லேசாகிவிட்டது. கதகதப்பு இல்லை. வாசனை இல்லை. வெறும் சுண்ணாம்பு வாடை. மூச்சு திரும்பி வந்தது; சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணைத் திறந்தார்.

“ஐயா, சட்டுனு வெளிய வாங்க. பார்த்து வாங்க, படியில விளக்கு இல்ல. நான் கீழ வந்துடறேன்.”

எதிரே மஞ்சள் ஜன்னல். டவாலி போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறு கையால் வா வா என்று சைகை காட்டினார். செவிலியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் இருவருக்கும் நடுவில், கொஞ்சம் பின்னால், இன்னொரு தலை.

நீதிபதி பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார்.

“அங்க... அங்க எத்தனை பேர் இருக்கீங்க?”

“நானும் இந்தம்மாவும்தாங்க ஐயா. ரெண்டே பேர்.”

தலை மெதுவாகச் சாய்ந்தது. செவிலியம்மாவின் தோளில். அந்தம்மாள் அழுகையை நிறுத்தினார். முகம் இளகியது. எவ்வளவோ நாள் கழித்து யாரோ வீட்டுக்கு வந்தாற்போல, மெல்லப் புன்னகை செய்தார்.

“ஓடு,” என்றார் நீதிபதி. குரல் வரவில்லை. “ஓடு! அந்தம்மாவை இழுத்துக்கிட்டு ஓடு!”

“என்னங்க ஐயா? சரியாக் கேக்கல.”

எதிர் ஜன்னலில் விளக்கு அணைந்தது.

டவாலி மறைந்தார். அம்மாள் மறைந்தார். ஜன்னல் சட்டமும் சுவரும் மறைந்தன. போனில் ஒரு நாற்காலி விழும் சத்தம். ஒரு மூச்சு. பாதி மூச்சு. அப்புறம் தரையில் குதிகால்கள் உரசும் சத்தம், நெடுநேரம். அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. “ஐயா” என்று யாரும் சொல்லவில்லை.

பிறகு சத்தம் நின்றது.

எதிரே கும்மிருட்டு. அந்தக் கும்மிருட்டில் அது மட்டும் நன்றாகத் தெரிந்தது. யாருடைய தோளும் இல்லாத இடத்தில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, ஜன்னலருகே, அவரையே பார்த்து நின்றது.