டிராயருக்குள் அக்கா

டிராயரைத் திறந்தபோது அக்காவின் குரல் இல்லை.

அழைப்பு துண்டிக்கப்படவில்லை. பாபின்களுக்கும் உடைந்த ஊசிகளுக்கும் நடுவே மல்லாந்து கிடந்த பட்டன் போனின் சின்னத் திரையில் வெளிச்சம் இருந்தது; ‘அக்கா’ என்ற எழுத்துக்குக் கீழே விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன; ஸ்பீக்கரின் துளைகளிலிருந்து, எங்கோ ஒரு குழாய் சரியாக மூடப்படாமல் பாத்திரத்தில் சொட்டுகிற சத்தம் மட்டும் மெஷின் எண்ணெய் வாடையோடு மேலே வந்தது. அவள் காத்திருந்தாள். அக்கா மூச்சு வாங்க நிறுத்துவாள். இவ்வளவு நேரம் நிறுத்த மாட்டாள்.

மியூட்டை எடுத்தாள்.

“ஆமாக்கா. அப்புறம்?”

சொட்டு. சொட்டு.

பாத்ரூமுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். சிவப்பு பட்டனை அழுத்தினாள். அன்று சீக்கிரம் முடிந்ததில் சந்தோஷம்தான். ஒரு பேன்ட்டின் பழைய ஜிப்பைப் பிரிக்க உட்கார்ந்தாள்.

தினமும் விளக்குப் போடுகிற நேரத்தில் அக்கா கூப்பிடுவாள். நகரத்தின் அந்தக் கோடியில், மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாள். ஆடைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்த்து ஓய்வு பெற்றவள். முழங்கால் வலி, சொட்டுகிற குழாய், அதைச் சரிசெய்ய வருகிறேன் என்று சொல்லி வராதவன், எதிர்வீட்டுக்காரி படியில் வைக்கிற குப்பைக் கூடை, முந்தாநாள் சொன்ன அதே கனவு. “எங்க விட்டேன்?” என்று அவளே கேட்டு, விட்ட இடத்தை அவளே கண்டுபிடித்துத் தொடர்வாள். பதில் வேண்டியதில்லை. மூச்சு விடுகிற இடங்களில் ஒரு ‘ஆமா’ விழுந்தால் போதும். ஆனால் போனை வைத்தால் கோபம் வரும். கோபம் வந்தால் மறுபடி கூப்பிடுவாள். கோபத்தைப் பற்றியும் பேசுவாள்.

மியூட் தற்செயலாகத்தான் பழக்கமானது. ஒரு நாள் அக்கா பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் அளவு கொடுக்க ஆள் வந்தது. மியூட் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டி, போனை டிராயரில் வைத்து மூடினாள். ஆளை அனுப்பிவிட்டு, ஒரு பாவாடைக்கு முழுச் சுற்றும் ஓரம் அடித்து முடித்தபோதுதான் ஞாபகம் வந்தது. திறந்தால் அக்கா பேசிக்கொண்டிருந்தாள். ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். மெஷின் சத்தம் அக்காவுக்குப் போகாது. அக்காவின் சத்தம் மெஷினைத் தாண்டி வராது. நூல் மாற்றுகிற இடைவெளியில் டிராயரைத் திறப்பாள், மியூட்டை எடுப்பாள், “ஆமாக்கா. அப்புறம்?” என்பாள், மறுபடி மியூட், மறுபடி மூடுவாள். பஸ் டிப்போவிலிருந்து வருகிற கணவன் வாசலிலேயே கேட்பான்: “என்ன, ரேடியோவைப் பெட்டில போட்டாச்சா?” அவளும் சிரிப்பாள்.

அந்த மெஷினை வாங்கிக் கொடுத்தது அக்கா.

சொட்டுச் சத்தம் மட்டும் கேட்ட அன்றைக்கு மறுநாள் காலையில் திரையில் ‘அக்கா’ என்று வந்தது. அக்கா காலையில் கூப்பிடுவதில்லை.

“சின்னவளுங்களா?” வேறு குரல். “தப்பா நெனச்சுக்காதீங்க, அவங்க உங்களை அப்படித்தான் சொல்வாங்க, பேர் தெரியாது. நான் எதிர்வீடு. கொஞ்சம் கெளம்பி வர்றீங்களா?”

அக்காவின் சமையலறையில் ஸ்டூல் பக்கவாட்டில் கிடந்தது. மேல் அலமாரியின் கதவு திறந்திருந்தது. தொட்டியில் ஒரு பாத்திரம், அதில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அக்காவை அதற்குள் கட்டிலில் கிடத்தி, கழுத்து வரை போர்த்தியிருந்தார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். இடுப்பு உடைந்திருக்கிறது, உயிர் போனது விடியற்காலையில்தான் இருக்கும் என்றாராம். எதிர்வீட்டுக்காரி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

“குரல் கேட்டுச்சுங்க. கேக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன். ‘சின்னவளே, கேக்குதா, கேக்குதா’ன்னு. வார்த்தை சரியா புரியல. தினமும் கேக்கற குரல்தானே? தங்கச்சிகூடப் பேசறாங்கன்னு டிவிய கொஞ்சம் சத்தமா வெச்சுட்டோம்.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “லைன்ல நீங்க இருக்கீங்களேன்னு ஒரு நிம்மதி.”

“லைன் சரியில்ல,” என்றாள் அவள். “ஒண்ணுமே கேக்கல.”

“அதான். அடிக்கடி அப்படி ஆகுது,” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

எல்லாம் முடிந்த பிறகு, அக்காவின் போனை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவளுடையதைப் போன்றதே, இரண்டையும் ஒரே கடையில், ஒரே நாளில், அக்காதான் வாங்கினாள். பேட்டரி உப்பிப் போயிருந்தது. அதைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். வெறும் போனை ஒரு துணிப்பையில் சுற்றி, தையல் அறை மரப் பீரோவின் மேல், கண்ணில் படாத இடத்தில் வைத்தாள்.

பெரிய வேலை ஒன்று வந்தது. ஓர் அலுவலகக் கூடத்துக்குத் திரைச்சீலைகள், வெளிச்சம் புகாத கறுப்புத் துணியில். அறை முழுவதும் அந்தத் துணி; நாற்காலியின் முதுகில், கட்டிலில், தரையில் மடிப்பு மடிப்பாக. புதுத் துணியின் கஞ்சி வாடை மூக்கை அரித்தது, மெஷினின் சத்தத்தைக்கூட அந்தத் துணி குடித்துவிடுவது போலிருந்தது, சாயங்காலமானால் அறை மற்ற அறைகளுக்கு முன்பே இருட்டியது.

விளக்கைப் போட்டாள். டிராயருக்குள் போன் அடித்தது.

அக்கா.

எண்ணை அழிக்க மறந்துவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றியது. வேறு யாருக்காவது அந்த எண்ணைக் கொடுத்திருப்பார்கள். பச்சைப் பட்டனை அழுத்திக் காதில் வைத்தாள்.

சொட்டு. சொட்டு.

“எங்க விட்டேன்?” என்றாள் அக்கா. “ஆங், அந்தக் குழாய். வரேன் வரேன்னு சொல்றான்டி, வர மாட்டேங்கறான்…”

சாதாரணக் குரல். கோபமில்லை. அழுகையில்லை. ஒரு தூக்கம் தூங்கி எழுந்த குரல்.

அவள் யோசிக்கும் முன்பே அவளுடைய கட்டைவிரல் மியூட்டை அழுத்தியிருந்தது. கை போனை உள்ளே வைத்தது. டிராயர் மூடிக்கொண்டது. கால் பெடலை மிதித்தது. கறுப்புத் துணி ஊசிக்கடியில் ஓடியது, ஓடி முடிந்தது, ஊசி வெறும் தகட்டின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் காலை எடுக்கவில்லை.

தோளில் ஒரு கை.

“அம்மா!” மகள் நின்றுகொண்டிருந்தாள். “எவ்ளோ நேரமா கூப்பிடறேன். பதிலே சொல்ல மாட்டேங்கற.”

“சொன்னேனேடி.”

மகள் அவள் வாயையே பார்த்தாள். “என்னம்மா?”

“சொன்னேன்னு சொல்றேன்.”

“சத்தமாச் சொல்லு,” என்றாள் மகள். தோளைக் குலுக்கிவிட்டு ஹாலுக்குப் போனாள்.

டிராயரைத் திறந்தாள். திரை இருண்டிருந்தது. வந்த அழைப்புகளில் அக்கா இல்லை.

படுக்கும் முன் கணவனிடம் மட்டும் சொன்னாள். முழுவதும் சொல்லவில்லை. அக்கா நம்பரிலிருந்து போன் வந்தது என்றாள்.

“கம்பெனிக்காரன் கோளாறா இருக்கும்.” அவன் தலையணையைத் தட்டினான். “ரேடியோ போனதும் ஒனக்குத்தான் பொழுது போக மாட்டேங்குது.”

சிரிக்கட்டும் என்றுதான் சொன்னான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். கணவன் வர இன்னும் நேரமிருந்தது. அவள் வெளிச்சம் இருக்கும்போதே ஹால் விளக்கைப் போட்டுவிட்டாள், ஏதோ அதனால் நேரம் ஏமாந்துபோகும் என்பது போல. மெஷினைத் தொடவில்லை. டிராயரை இழுத்துத் திறந்து வைத்து, முன்னால் உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். இன்று பேசிவிடுவது. நான் கேட்கவில்லை அக்கா. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது அக்கா. தினமும் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்குள் பலமுறை சொல்லிப் பார்த்தாள். வெளியே ஒரு வண்டி போயிற்று. யாரோ வாளியை இழுத்தார்கள். பிறகு ஒரு சத்தமும் இல்லை.

போன் அடித்தது.

“அக்கா…”

“விழுந்துட்டேன்டி.”

அன்றைய குரல். அவள் கேட்டிராதது.

“ஸ்டூல்லேர்ந்து விழுந்துட்டேன். எழுந்திருக்க முடியல. கேக்குதா? யாரையாவது அனுப்பு. சின்னவளே. கேக்குதா?”

வாயைத் திறந்தாள். மடியில் கோத்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் வரவில்லை.

“ஆமாக்கா,” என்றாள். “அப்புறம்?”

அந்தப் பக்கம் சொட்டு. சொட்டு.

“கேக்குதாடி?”

மியூட்டை அழுத்தினாள். இந்த முறை கட்டைவிரல் அல்ல. அவள்தான். அழுத்துவது தெரிந்தே அழுத்தினாள். டிராயரை மூடினாள்.

பீரோவின் மேலிருந்து சத்தம் வந்தது.

மரத்தின் மேல் ஏதோ துடித்தது. நின்றது. துடித்தது. துணிப்பையின் கைப்பிடி ஓரத்தில் தொங்கி ஆடியது. பேட்டரி இல்லை. குப்பையில் போட்டாயிற்று. குப்பை வண்டி கொண்டுபோயிற்று.

உடைத்துவிட வேண்டும். கல்லில் வைத்து உடைத்துவிட வேண்டும்.

ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஏறினாள். ஸ்டூலின் ஒரு கால் தரையில் கிடந்த கறுப்புத் துணியின் மடிப்பில் நின்றது என்று ஏறிய பிறகுதான் தெரிந்தது. பையை எட்டினாள். விரலில் அதிர்வு.

ஸ்டூல் நகர்ந்தது.

விழுந்த சத்தத்தைத் துணி குடித்துவிட்டது. இடுப்புக்குள் ஏதோ ஒன்று முறிந்தது மட்டும் அவளுக்குக் கேட்டது. கட்டிலிலிருந்த திரைச்சீலை சரிந்து, கனமாக, மெதுவாக, அவள்மேல் வந்து விழுந்தது. முகத்தின் ஒரு பக்கம் மட்டும் வெளியே. கஞ்சி வாடை. மேஜையின் கால்கள். கதவிடுக்கில் ஹால் வெளிச்சம்.

பையிலிருந்து சிதறிய போன் காதுக்குப் பக்கத்தில் கிடந்தது. பின்பக்கம் திறந்து, பேட்டரி இருக்க வேண்டிய குழி காலியாக. அதன் விளிம்பைச் சுற்றித் திரை வெளிச்சம் தரையில் கசிந்தது.

கத்தினாள்.

தொண்டை நரம்பு புடைத்தது. காற்று போயிற்று. சத்தம் இல்லை.

மறுபடி.

சத்தம் வந்தது. அவளிடமிருந்து அல்ல. தலைக்கு மேலே, மூடிய டிராயருக்குள்ளிருந்து. சின்னதாக. அடைத்துக்கொண்டு. பாபின்கள் லேசாக அதிர்ந்தன.

அவளுடைய குரல்.

வாசல் கதவு திறந்தது. செருப்பு, ஷூ கழற்றும் சத்தம். மகள் ஏதோ சொல்லிச் சிரித்தாள், கணவன் பதில் சொன்னான்.

“ஏங்க!” என்றாள். வாய் மட்டும் அசைந்தது. டிராயர் முணுமுணுத்தது.

“ஏங்க, விழுந்துட்டேன். இங்க கீழ. கேக்குதா?”

டிராயர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

கதவிடுக்கில் கணவனின் கால்கள் வந்து நின்றன. அறைக்குள் எட்டிப் பார்த்தான். மெஷினுக்கு முன்னால் நாற்காலி, நாற்காலியின் முதுகில் கறுப்புத் துணி, அது தோள்போல வளைந்து ஜன்னல் பக்கம் குனிந்திருந்தது. மேஜையிலிருந்து ஒரு பெண்ணின் தணிந்த பேச்சு, நிற்காமல்.

“அம்மா எங்கப்பா?”

“போன்ல இருக்கா.” குரலைத் தாழ்த்தினான். “ஒரு ரேடியோ போச்சு, இன்னொரு ரேடியோ ஆரம்பிச்சாச்சு.”

“யார்கூட?”

“யார்கூடவோ. பேசட்டும் விடு, மனசு லேசாகும்.” பிறகு நாற்காலியைப் பார்த்துச் சொன்னான்: “சாப்பாடு நாங்களே போட்டுக்கறோம். நீ பேசு.”

அவனுடைய கால் அவள் முகத்திலிருந்து ஒரு முழத்துக்குள் இருந்தது. காலுறையில் கட்டைவிரலுக்கு மேலே ஒரு ஓட்டை. தைக்க வேண்டியது.

கதவு மெதுவாக, தொந்தரவு இல்லாமல் சாத்திக்கொண்டது.

ஹாலில் டிவி. பேச்சுச் சத்தம். டிராயர் முணுமுணுத்தது. டிவியை இன்னும் கொஞ்சம் சத்தமாக வைத்தார்கள்.

காதோரம் கிடந்த போனில் ஒரு மூச்சு கேட்டது.

“அக்கா,” என்றாள் அவள், சத்தமில்லாமல். “விழுந்துட்டேன்க்கா. யாரையாவது அனுப்பு. அக்கா, கேக்குதா?”

“ம்,” என்றாள் அக்கா. “ஆமா. அப்புறம்?”

அந்தப் பக்கம், மரத்தில் மரம் உரசி, ஒரு டிராயர் மூடியது.

பிறகு, கொஞ்சம் தள்ளி, ஒரு தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது. தையல் நேராக, நிதானமாக, நிற்காமல் போயிற்று.