கொழுப்புத் தொட்டி

குளிர்ந்து சொட்டிய எரிபொருளில் இன்று பழைய வடைச்சட்டியின் வாசனை இல்லை. மழையில் நனைந்த தலைமுடியின் வாசனை இருந்தது.

பவதாரணி கண்ணாடிக் குடுவையை மறுபடி முகர்ந்தாள். போடி ஓட்டல்களின் பழைய எண்ணெயிலிருந்து பிரித்த கொழுப்பு அமிலத்தை, அமிலம் ஊட்டிய களிமண்மேல் சூடாக்கி உடைத்து, ஏலக்காய் உலர்த்தும் அடுப்புகளுக்கு எரிபொருள் எடுக்கும் கொட்டகை அது. குரங்கணிச் சரிவில் இறங்கிய மஞ்சுமூட்டம் பிற்பகல் மூன்று மணிக்கே சன்னல்களை அடைத்திருந்தது. பம்பின் முனகலுக்கும் தகரக்கூரையின் சொட்டொலிக்கும் அடியில், யாரோ ஈரத்துணியால் சுவரைத் தேய்ப்பதுபோல இன்னொரு மெல்லிய ஒலி விடாமல் கேட்டது.

அப்போதுதான் ஏணியைப் பார்த்தாள். கொழுப்பை உருக்கும் தொட்டியின்மேல் அது இன்னும் சாய்ந்திருந்தது.

காலையில் வேலையாள் சுருளிவேல் அதில் ஏறித்தான் உள்ளே இறங்கினான், சுவரில் உறைந்ததைச் சுரண்ட.

“எம்புட்டுக் கொழுப்பு பாருங்கக்கா இதுக்கு!”

“ஒனக்கு இருக்கிறதுல பாதிகூட இல்லடா. வெரசா முடி.”

மதியம் தொட்டிப் பக்கமிருந்து குரல் வந்தது. “அக்கா, வர்றேன்.”

வீட்டுக்குக் கிளம்புகிறான் என்று நினைத்தாள். “பாத்துப் போ,” என்றாள், திரும்பாமலே. கீழே நின்றபடி சங்கிலியை இழுத்து மூடியை இறக்கினாள். அடுப்பைப் போட்டாள்.

உள்ளிருந்து ஏறி வருகிறவனும் அதையேதான் சொல்வான் என்பது இப்போதுதான் உறைத்தது.

அடுப்பை அணைத்தாள். பம்பை நிறுத்தினாள். கைபேசி நழுவியது. எடுத்து அவனை அழைத்தாள். மணி அடித்தது. அடித்தது.

“என்னக்கா?”

தரையில் உட்கார்ந்தாள். “எங்கடா இருக்க?”

“பஸ்சுல. சிலமலை தாண்டிட்டேன். ஏங்க்கா, அழுகுறீங்களா?”

“வர்றேன்னு சொன்னியேடா. நான் வேற மாதிரி...”

“நான் எங்க சொன்னேன்? நீங்க போன்ல பேசிக்கிட்டு இருந்தீங்க. சொன்னா இன்னொரு சோலி குடுப்பீங்கன்னு சத்தங்காட்டாம நழுவிட்டேன். சம்பளத்துல கை வச்சிராதீங்கக்கா!”

சிரிப்பு. பஸ்சின் ஹாரன். இணைப்பு அறுந்தது.

அப்படியானால் அந்தக் குரல்?

அடுப்பு அணைந்திருந்தது. பம்பு ஓய்ந்திருந்தது. குடுவையில் சொட்டுவது நிற்கவில்லை.

குடுவைக்குள் தெளிவாக இருந்த திரவம் வெண்மையாகத் திரண்டுகொண்டிருந்தது. எரிபொருள் உறையக் கூடாது. உடைந்தது மறுபடி சேரக் கூடாது.

கண்ணாடியில் ஐந்து சிறு வட்டங்கள். ரேகைகளோடு.

துடைத்தாள். போகவில்லை.

உட்புறம்.

உள்ளிருந்து அழுந்த அழுந்த, அந்த வெண்ணிற விரல்நுனிகள் மெல்லத் தட்டையாயின.