மடிக்குழந்தைக்கு டிக்கெட் இல்லை

டிக்கெட் ஜன்னலுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அதைச் சுற்றி ஒரு பூச்சிகூடப் பறக்கவில்லை. மழை விட்ட புரட்டாசிச் சாயங்காலத்தில், வயல் நடுவே இருக்கிற ஸ்டேஷனில், அப்படி ஒரு விளக்கைச் செவ்வந்தி பார்த்ததே இல்லை.

அதை யோசிக்க அவளுக்கு ஏது நேரம். தோளில் மகள் மலர்விழி அனலாகக் கொதித்தாள். இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம் அது. ரோடு நெடுகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. புருஷன் அய்யனாரும் மறியலுக்குப் போனவன்தான், எந்த ரோட்டில் இருக்கிறானோ. சேலத்துக்குக் கொண்டு போ என்று நைனார்பாளையத்து டாக்டர் கையை விரித்துவிட்டார். ரயிலாவது ஓடாதா என்ற நப்பாசையில் வரப்பு வழியாகவே வந்திருந்தாள். காய்ச்சல் மயக்கத்திலும் பிள்ளை ஜன்னலோரம் வேண்டும் என்று முனகிக்கொண்டே வந்தது.

பிளாட்பாரத்தில் ஆள் அரவம் இல்லை. டீ வாசனை, பீடி வாசனை, வெயிலில் காய்ந்த தண்டவாளத்தின் துரு வாசனை என்று ரயிலடிக்கே உரிய எதுவும் இல்லாமல், பிணம் எடுத்தபின் கழுவிவிட்ட வீட்டின் ஈரவாடைதான் அங்கே அடித்தது.

ஜன்னலில் குனிந்தாள். உள்ளே இருந்தவர் தலையைத் தூக்கவில்லை. டிக்கெட் கொடுப்பவர்கள் எங்கேதான் தலையைத் தூக்குகிறார்கள். வண்டி உண்டா என்று கேட்டாள், உண்டு என்றார். எப்போது என்றாள், மணி அடித்ததும் என்றார். பாப்பாவுக்கு ஜன்னலோரம் கிடைக்குமா என்றாள். குழந்தைகளுக்கு எப்போதும் ஜன்னலோரம்தான் என்றார்.

"பாப்பாவுக்கு இன்னா வயசு?"

ஆறு. ஆனால் ரயிலடியில் பிள்ளையின் நிஜ வயசைச் சொன்ன தாய் அந்தச் சீமையிலேயே கிடையாது. அஞ்சுக்குக் கீழே என்றால் டிக்கெட் வேண்டாம். ஆபத்துக்குப் பாவமில்லை. பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"நாலுதாங்க."

அவர் முதல்முறையாக அசைந்தார். "நாலுன்னா டிக்கெட் வாணாம். பாப்பா ஏறிக்கலாம்."

"எனக்கு ஒண்ணு குடுங்க."

"பெரியவங்க இந்த வண்டில ஏறக் கூடாது."

மணி அடித்தது. பிளாட்பாரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு அது. பக்கத்தில் யாரும் இல்லை. தானாக ஆடிக்கொண்டிருந்தது.

ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். விளக்கு இல்லை. ஜன்னல் பலகை மூடியிருந்தது. வெளியே பூட்டு. பூட்டின் மேல் சிலந்தி வலை.

"ஆறுங்க," என்று பலகையைத் தட்டினாள். "பொய் சொல்லிட்டேங்க. ஆறு வயசு ஆவுதுங்க."

பூட்டைப் பிடித்து உலுக்கினாள்.

தண்டவாளம் அதிரவில்லை. புகை இல்லை. ஆனாலும் வண்டி வந்து நின்றது. இருட்டுப் பெட்டிகள். ஜன்னலுக்கு ஜன்னல் குழந்தைகள். பெரியவர் ஒருவர்கூட இல்லை.

குழந்தையை இறுக்கிக்கொண்டாள். கழுத்தில் மூச்சு படவில்லை. சூடும் இல்லை. கனம் மட்டும் இருந்தது.

வண்டி நகர்ந்தது.

கடைசிப் பெட்டியில், ஜன்னலோரத்தில், கம்பியைப் பிடித்தபடி மலர்விழி அம்மாவுக்கு டாட்டா காட்டிக்கொண்டே போனாள்.