விட்டுவைத்த வெள்ளை

தங்கையின் வாடகை வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. அவள் காணாமல் போய் ஆறு நாள் ஆகியிருந்தது. கதவைத் திறந்த அவள் கணவன் மாடியறைக்கு அழைத்துப் போனான். படியேறும்போதே குளத்துப் பாசி வாடை அடித்தது.

மேசைமேல் ஒரு பலகை. அதில் அவள் கடைசியாக வரைந்த நீர்வண்ண ஓவியம்.

"தொடாதீங்க அக்கா. இன்னும் காயல."

"ஆறு நாளாவா? அரை மணியில காஞ்சிடுமே தம்பி."

"அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன்."

அருங்காட்சியகத்தில் ஓவியங்களுக்குக் கீழே ஒட்டும் விளக்கச் சீட்டுகளை எழுதுவது என் வேலை. எந்தப் படத்தையும் படித்துவிடுவேன் என்று எனக்கொரு நினைப்பு. இந்தப் படத்தில் ஒரு கரிய குளம். அதைச் சுற்றி, தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு. கரையில், வேர்களை வானத்தில் விரித்த மரம். வேரின்மேல் பெண்முகம் கொண்ட நாரை.

"பாம்பு முடிவில்லாத காலம். மரம், உலகமே புரண்டு கிடக்குறதைச் சொல்லுது. நாரைன்னா காத்திருக்கிறது. அவ எங்கேயோ தண்ணியோரமா காத்திருக்கா."

"அழகா சொல்றீங்க. உங்க சீட்டுல எல்லாம் இருக்கு அக்கா, ஆளுதான் இல்ல." சிரிக்கத் தொடங்கியவன் பாதியில் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

குளத்தின் நடுவே ஒரு வெள்ளை இடம். நிலவின் பிம்பம் என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தேன். ஒரு பெண்ணின் வடிவம்.

இடது தோள் சற்றே இறங்கியிருந்தது.

சிறுவயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்து தங்கைக்கு முறிந்த தோள். தள்ளிவிட்டவள் நான்.

"தன்னையே வரையாம விட்டிருக்கா. நிரப்பினா வந்துடுவா, தம்பி. வந்துடுவா."

அவன் ஓடிப்போய்க் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தான். அவளுடைய தூரிகையால் முகம், கூந்தல், நீலச் சட்டை எல்லாம் பூசினேன். கடைசி வெள்ளையும் மறைந்தது.

தட்.

பலகைக்கு அடியிலிருந்து.

தட். தட்.

"அக்கா..." தண்ணீருக்குள்ளிருந்து வரும் குரல். "வழியை ஏன் அடைச்சே?"

நீர்வண்ணத்தில் வெள்ளையைப் பூசுவதில்லை. தாளை அப்படியே விட்டுவைப்பார்கள். தூரிகை பிடிக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். சின்னங்களைத் தேடிய மும்முரத்தில் நான் தாளை மறந்துவிட்டேன். அவள் விட்டுவைத்தது திரும்பி வருவதற்கான வாசலை.

பஞ்சால் ஒற்றினேன். தேய்த்தேன். தாள் திரிதிரியாக எழுந்தது. நீலம் மட்டும் போகவில்லை.

"நான் போய்க் கூட்டிட்டு வர்றேன் அக்கா," என்றான் முதுகுக்குப் பின்னால்.

"எங்கே போவே?"

திரும்பினேன். அவன் நின்ற இடத்தில் தரை ஈரமாயிருந்தது.

ஓவியத்தில், கரையோரம், கருமை மெல்ல விலகியது. உயரமான ஓர் ஆணின் வடிவில் புதிய வெள்ளை.

கிண்ணத்துத் தண்ணீரை ஜன்னல் வழியே கொட்டினேன். தூரிகைகளை முறித்தேன். அந்த வெள்ளையை மட்டும் தொடவில்லை. மூன்று நாளாகக் கண்ணிமைக்காமல் காவல் இருக்கிறேன்.

ஆனால் படம் காயவே இல்லை. முதல் நாள் அவன் முழங்காலைத் தொட்டிருந்த குளம், இன்று இடுப்பைத் தாண்டிவிட்டது. என் புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டே இருக்கிறேன்.

பலகைக்கு அடியில் இப்போது இரண்டு இடங்களில் தட்டுகிறார்கள்.