பச்சை டிக் பொய் சொன்னதா?

காலை மணி ஒன்பது இருபது. மேசைக்கு அடியில் மானேஜர் நுரை தள்ளிக் கிடந்தார்.

மானேஜர் ஒரு பூனை. எல்லார் மேசையையும் தினமும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, ஒரு துரும்பையும் அசைக்காமல் தூங்கப் போய்விடுவதால் வந்த பெயர். அந்த அலுவலகத்தை நடத்தும் தங்கைக்கு அது பெற்ற பிள்ளை மாதிரி. போனில் அவள் போட்ட கூச்சலில், கால்நடை மருத்துவரான அக்கா கிளினிக்கைப் போட்டது போட்டபடி விட்டு ஓடி வந்தாள். ஊசி போட்டாள். பூனையை உதவியாளரிடம் கொடுத்துக் கிளினிக்குக்கு அனுப்பினாள். தான் மட்டும் போகவில்லை.

"விஷம் மாதிரிதான் இருக்கு. காலையில என்ன சாப்பிட்டான்?"

"அவனோட தீனிதான்க்கா. அதுதான் பயமா இருக்கு."

தங்கை ஒரு காலிப் பாக்கெட்டை இழுப்பறையிலிருந்து எடுத்தாள். போனை அதன்மேல் காட்டினாள். திரை நிறையப் பச்சை டிக். 'பாதுகாப்பானது.'

அந்த டிக்தான் அந்த அலுவலகத்தின் பிழைப்பே. பிராணிகளின் தீனிப் பாக்கெட்டை ஸ்கேன் செய்தால் செயலி அதன் பேட்ச் நம்பரைப் பார்க்கும். கெட்டுப்போன சரக்கென்று கம்பெனி திரும்பப் பெற்றிருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. அன்று மாலை நாலு மணிக்குச் செயலி வெளியீடு. முதல் பக்கத்தில் போன மாதம் எடுத்த அக்காவின் படம். பக்கத்தில் மரமூடி போட்ட அழகான கண்ணாடி ஜாடி நிறையத் தீனி. கீழே, 'நம்பலாம்' என்று அவள் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தை அக்கா இப்போது உற்றுப் பார்த்தாள். இந்தப் பச்சை பொய் என்றால் எத்தனை வீட்டில் எத்தனை மானேஜர்கள் விழுவார்களோ?

"சிவப்பைப் பச்சையா மாத்த இங்க ஒரே ஆளாலதான் முடியும்," என்று தங்கை கண்ணாடி அறையைக் கண்ணால் காட்டினாள். உள்ளே புரோகிராமர். "போன வாரம் அந்தத் தீனிக் கம்பெனிக்கே இன்டர்வியூ போயிருக்கான். எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. நாலு மணிக்குள்ள ஆளை அனுப்பிடறேன்."

"கொஞ்சம் பொறு. நான் பேசிட்டு வரேன்."

புரோகிராமர் முகத்தில் ஈயாடவில்லை.

"இன்டர்வியூ போனீங்களா?"

"போனேன்."

"வேலை?"

"கிடைக்கலை டாக்டர். இங்கயும் அனுப்பிட்டா நடுத்தெருதான்."

"சிவப்பைப் பச்சையாக்கினீங்களா?"

"நான் நினைச்சாலும் முடியாது. எந்த நிறத்தை மாத்தவும் ரெண்டு பேர் ஒப்புதல் வேணும். ரெண்டாவது ஆள் நீங்கதான். மறந்துட்டீங்களா?" அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்தத் தீனிக் கம்பெனிக்கு ஒரே ஒரு சிவப்பு. போன மாசம் வித்த பேட்ச், பூஞ்சை பிடிச்சது. அதை நீங்களேதான் ஓகே பண்ணினீங்க."

நினைவு வந்தது. அக்காவுக்கு வெட்கமாகவும் போயிற்று.

அடுத்து, அலுவலகத்தைக் கூட்டித் துடைத்து, பூனைக்கும் தீனி வைக்கும் பெண்.

"எதுலேர்ந்து எடுத்து வெச்சீங்க?"

"ஜாடியிலேர்ந்துதான் டாக்டரம்மா. புதுப் பாக்கெட் வந்து அஞ்சு நாளா நல்லாத்தானே தின்னுச்சு! இன்னைக்குக் கரண்டி அடி தட்டுச்சு. கவுத்து, தட்டிக் கொட்டினேன்."

"ஜாடியைக் கழுவுறது யாரு?"

"ஐயோ, அதைத் தொடவே கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க. கீறல் விழுந்துடுமாம்."

கிளினிக்கிலிருந்து போன். மானேஜரின் நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். கையில் செயலி திறந்தே கிடந்தது. அதன் முதல் பக்கத்தில் அவளே பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சட்டென்று நின்றாள். ஜாடியைத் திறந்து முகர்ந்தாள். மூவரையும் கூப்பிட்டாள்.

"மானேஜருக்கு விஷம் வெச்சது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. நீதான்டீ."

அக்காவின் விரல் தங்கையைக் காட்டியது.

"நீ ஸ்கேன் பண்ணின பாக்கெட் எப்ப வாங்கினது?"

"அஞ்சு நாள் முன்னாடி."

"இந்தப் படம் எடுத்தது போன மாசம். அப்பவே ஜாடி நிறைய இருக்கு. அது எந்தப் பாக்கெட்?"

தங்கையின் குரல் இறங்கியது. "பழசு. பாக்கெட் படத்துல அசிங்கமா இருந்துச்சுன்னு ஜாடியில கொட்டிட்டுத் தூக்கிப் போட்டுட்டேன். புதுசு வந்ததும்... மிச்சத்துக்கு மேலயே கொட்டினேன்."

"அஞ்சு நாளும் மேல இருந்த புதுசைத் தின்னான். இன்னைக்குத்தான் அடி வந்துச்சு, ஒரு மாசமா அங்க படிஞ்ச பூஞ்சைத் தூளோட. அந்தச் சிவப்பு பேட்ச்தானான்னு லேப் சொல்லட்டும், பூஞ்சை வாடையை என் மூக்கே சொல்லுது. டிக் பொய் சொல்லலை. பாக்கெட்டைப் பத்திக் கேட்டே, பாக்கெட்டைப் பத்திச் சொல்லுச்சு. பூனை தின்னது ஜாடியில இருந்ததை." மூச்சு விட்டாள். "நானும்தான் சேர்ந்து செஞ்சேன். அந்த ஜாடி பக்கத்துல நின்னு நம்பச் சொல்லியிருக்கேன்."

தங்கை புரோகிராமர் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "உன்மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சிடுப்பா."

அவன் ஜாடியைப் பார்த்தான். "எத்தனை வீட்ல இப்படி ஜாடி இருக்கும் மேடம்?" என்றான்.

நாலு மணிக்கு எதுவும் வெளியாகவில்லை. நாலரைக்குக் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. மானேஜர் எழுந்துவிட்டார். எல்லாக் கூண்டையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாராம். தங்கை சிரித்துக்கொண்டே அழுதாள்.

இருட்டும் நேரத்தில் புரோகிராமர் போனைத் தங்கையிடம் நீட்டினான். ஜாடிப் படம் போயிருந்தது. ஸ்கேன் செய்யும் முன்பே செயலி கேட்டது: 'தீனி இன்னும் இதே பாக்கெட்டில்தான் இருக்கிறதா?'

தங்கை 'இல்லை' என்பதைத் தொட்டாள். பச்சையும் வரவில்லை, சிவப்பும் வரவில்லை. வெள்ளைத் திரையில் ஒரே வரி.

'எங்களுக்குத் தெரியாது. கொடுக்காதீர்கள்.'

அக்கா அதை இரண்டு முறை படித்தாள்.

"இப்ப என் கையெழுத்தைப் போட்டுக்கோ," என்றாள்.